மௌனத்திற்கும் மொழிபெயர்ப்பு வேண்டுமா?

பிறமொழிப் படைப்பொன்றை மொழிபெயர்ப்பவர் மூலத்தில் ஒரு வரியை விட்டுவிட்டால் நாம் குறை கூறுகிறோம். மூல ஆசிரியர் வெற்றிடமாக விட்ட ஓரிடத்தில் அவர் தம் வரியொன்றைச் சேர்த்துவிட்டாலோ, அக்குறை பலர் கண்ணிற் படுவதேயில்லை. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படங்கள் ஆங்கிலத்திற்குச் சென்ற வரலாறு இவ்விரு குறைகளையும் நமக்குக் காட்டுகிறது.

முதலில் நேர்ந்தது வெட்டு. 1984இல் வெளியான 'காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிகா', 1985இல் அமெரிக்காவில் 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' எனப் பெயர் மாறி வந்தபோது 20 நிமிடங்களுக்கும் மேலாகக் குறைக்கப்பட்டிருந்தது. நச்சுக்காட்டின் பூச்சிகளையும் உயிர்களென மதித்த இளவரசியின் கதை வெறும் சாகசக் கதையாகச் சுருங்கிற்று. தம் படங்களில் வெட்டு கூடாது என்னும் கிப்ளி படக்கூடத்தாரின் உறுதி அக்கசப்பில் பிறந்ததே. 1996இல் டிஸ்னி நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டபோதும் அவ்வுறுதி தளரவில்லை.

வெட்டுதற்குத் தடை இருந்தது, சேர்ப்பதற்கோ இடமிருந்தது. 1989இல் வந்த 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' படத்தில், பதின்மூன்று வயது மந்திரக்காரச் சிறுமி கிகி, தன் கறுப்புப் பூனை ஜிஜியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறாள். மூலத்தின் இறுதியில் பூனை அவள் தோளிலேறிக் கத்த மட்டுமே செய்கிறது. 1998ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பிலோ அது மீண்டும் பேசிவிடுகிறது! வளர்கின்ற மனிதர் ஏதோ ஒன்றைத் திரும்பப் பெறவியலாதபடி விட்டுவருகின்றனர் என்ற உண்மை, இழந்ததெல்லாம் மீளும் என்ற எளிய ஆறுதலாகிவிட்டது. 2010ஆம் ஆண்டின் ஆங்கில வெளியீட்டில் இத்தகைய சேர்க்கைகள் பல நீக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது.

சேர்க்கை யாவும் குற்றமென நாம் கூறவில்லை. 2002இல் பெர்லினில் தங்கக் கரடியும், 2003இல் ஆஸ்கரும் பெற்ற 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை எடுத்துக்கொள்வோம். சிறுமி சிஹிரோ வந்து சேரும் மாளிகை ஒரு குளியல் விடுதி என்பதை, வாயிற்றிரையின் ஓரெழுத்தே ஜப்பானியருக்குச் சொல்லிவிடும். அவ்வெழுத்தை அறியாத பார்வையாளருக்காக ஆங்கிலத்தில் அவள் அதை வாய்விட்டுக் கூறுகிறாள். இது அறியாதார்க்கு நீட்டிய கை, ஏற்கத்தக்கதே.

ஆனால் முடிவைப் பாருங்கள். வியத்தகு உலகிலிருந்து மீண்ட சிஹிரோ, சுரங்கவழியை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள், நண்பர்கள் நெய்து தந்த தலைமுடிக் கயிறு மின்னுகிறது, கார் புறப்படுகிறது. அவள் என்ன உணர்ந்தாள் என்பதை மூலம் சொல்லவில்லை. ஆங்கிலத்திலோ, புதிய வீடும் புதிய பள்ளியும் பற்றித் தந்தை பேச, தன்னால் சமாளிக்க முடியும் என்று அவள் விடையிறுக்கிறாள். பார்ப்பவர் தம் உள்ளத்தில் எழுதவேண்டிய வரியை மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டார். முன்னது அறிவின் இடைவெளியை நிரப்பிற்று. பின்னது பொருளின் இடைவெளியை மூடிவிட்டது.

இவ்விடைவெளியை ஜப்பானியர் 'மா' என்பர். வாயிற்கதவுகளின் நடுவே கதிரவன் தெரிவதாக அமைந்த எழுத்து அது. 2002இல் அமெரிக்க விமரிசகர் ரோஜர் ஈபர்ட்டுடன் உரையாடுகையில் மியாசாகி கைகளைத் தட்டிக் காட்டி, இரு தட்டல்களுக்கு இடைப்பட்ட பொழுதே 'மா' என்றார். சிஹிரோ கடல்மேல் ரயிலில் செல்லும் காட்சி அதற்குச் சான்று. அங்கே பேச்சு மிகக் குறைவு. ஆயினும் அச்சிறுமி முதிர்ந்துவிட்டாள் என்பதை நாம் அறிந்துகொள்கிறோம்.

அமைதி நீண்டால் குழந்தைகள் பொறுமை இழப்பர் என்ற அச்சமே சேர்க்கைகளுக்குக் காரணமாகலாம். அது முற்றும் பொய்யான அச்சமன்று. எனினும், சொல்லாமல் விட்டதைத் தாமே கண்டுணரும் ஆற்றல் குழந்தைகளுக்கு உண்டென்று மியாசாகி நம்பினார். மூலத்தின் சொற்களைக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பு அந்த நம்பிக்கையையும் உடன்கொண்டு வரவேண்டாமா?