காசு கொடுத்து வாங்கும் பழைய சட்டை

திருநகரில் பழைய துணியைக் கொடுக்கிற வீடுகள் ஏராளம். வாங்கி உடுத்துகிறோம் என்று வாய்விட்டுச் சொல்கிற வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதியில் மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய. ஜூன் மாதப் பள்ளிச் செலவும் தீபாவளி ஜவுளியும் அவர்களைப் பிழிந்தெடுக்கின்றன. மதுரைக்காரர்களுக்குப் பழைய சாமான் வாங்குவதில் கூச்சம் கிடையாது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அதற்கே பேர்போனது. பழைய மிக்சியைப் பேரம் பேசி வாங்குகிறவர் பழைய சட்டைக்கு முன்னால் மட்டும் தயங்குகிறார்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கிராமத்தில் பண்ணை வீட்டுப் பழைய வேட்டியும் சேலையும் கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர் குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. யார் உடுத்திக் கழித்ததை யார் உடுத்துவது என்பதில் சாதி இருந்தது. அந்த நினைவு இன்னும் போகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கடலில் உழைத்து வாழ்ந்த மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. அவர்கள் மறுத்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்கும் புதுத்துணி வேண்டும் என்றதிலும் இதே உணர்வைப் பார்க்கிறேன்.

தில்லியில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தச் சுனாமித் துணிகளைத் தரம் பிரித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய முறையில் ஊர்க்காரர்கள் குளம் தூர்வாரி, பாதை போட்டு, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். துணி அதே பழைய துணிதான். வாங்குகிறவர் நிற்கிற இடம் மாறிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கும்போதும் அதுதான் நடக்கிறது. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் காலரைத் திருப்பிப் பார்க்கலாம், குறை சொல்லலாம், பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டுப் போகலாம். தானம் வாங்குகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. பழைய துணி வியாபாரத்தின் முதல் பலமாக நான் கருதுவது இதை. மிச்சமாகும் பணம் அதற்கு அடுத்ததுதான்.

பணக்கணக்கில் பார்த்தால் மதுரையில் பழைய துணியின் பலம் பாதிதான். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழித்த புது பனியன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குப் புது டி-ஷர்ட் கிடைக்கும்போது எழுபதுக்குப் பழையது வாங்குவதில் அர்த்தமில்லை. நைட்டிக்கும் அதே கதை. உள்ளாடையைப் பழையதாக வாங்கவே கூடாது. பழையது ஜெயிக்கும் இடங்கள் வேறு: கெட்டியான ஜீன்ஸ், ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, நாலைந்து முறை கட்டிய பட்டுச் சேலை, ஆறு மாதத்தில் சிறுத்துவிடும் குழந்தைச் சட்டை, நல்ல கம்பெனிப் பருத்திச் சட்டை.

கம்பெனிச் சட்டை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருநகரை ஒட்டிய ஹார்விபட்டி, மதுரா மில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. அந்த மில் பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் ஆனது. அதன் ஆடைப் பிரிவாகப் பிறந்த மதுரா கார்மென்ட்ஸ்தான் லூயி பிலிப், வான் ஹுசைன் சட்டைகளை இந்தியாவில் பரப்பி, பின்பு ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போனது. நூல் நூற்ற தொழிலாளியின் பேரன் புதிதாக வாங்க முடியாத அந்தச் சட்டையைப் பழைய துணிக் குவியலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கான நேர்காணலுக்குப் போக முடியுமென்றால் அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இப்போது கழிக்கப்படும் துணியின் தரமே இறங்கிவிட்டது. பாலியஸ்டர் கலந்த மலிவு ஆடை பத்துத் துவைப்பில் பஞ்சு உருண்டை கட்டுகிறது. இழுவை போன பேன்ட்டை எந்தத் தையல்காரரும் சரிசெய்ய முடியாது. திருப்பிக் கொடுக்கும் வசதியும் கிடையாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அக்குளையும் தொடைப் பகுதியையும் ஜிப்பையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நோய் பயம் ஓரளவு நியாயமானது, தீர்வும் எளிது: சொறிசிரங்குப் பூச்சி மனித உடலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. ஒரு வாரம் கட்டி வைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டால் போதும். இதைவிடப் பெரிய குறை, மலிவு என்பதாலேயே தேவையில்லாமல் அள்ளுவது. இன்ஸ்டாகிராமில் பழைய ஆடை விற்கும் பக்கங்கள் இந்த ஆசையைத்தான் தூண்டுகின்றன. அங்கே விலையும் ஏறிவிட்டது. அளவு மீறினால் பழைய துணியும் குப்பைதான்: கானாவின் அக்ரா நகரிலுள்ள கந்தமாந்தோ சந்தைக்குப் பணக்கார நாடுகள் அனுப்பும் மூட்டைகளில் விற்காதவை கடற்கரையில் குப்பையாக ஒதுங்குகின்றன. உடுத்தும் நிலையிலுள்ள பழைய ஆடை இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு வைத்திருப்பது சரியான முடிவு. நம் வீடுகளில் கழிவதே நமக்குப் போதும்.

வீட்டு வாசலில் பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கிண்ணம் தருகிற பெண்கள்தான் இன்றும் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. பொறுக்கி, துவைத்து, பட்டன் தைத்து, தேய்த்துச் சந்தைக்கு அனுப்புவது பெரிய உழைப்பு. அவர்களிடம் கிழிந்ததைத் தள்ளிவிட்டுப் பெரிய பாத்திரம் கேட்டு மல்லுக்கட்டுவது நியாயமில்லை.

திருநகர் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை விலையில்லாச் சீருடை உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் முழு விலை கொடுக்கிறார்கள். ஒரு வருடத்தில் சிறுத்துப்போன நல்ல சீருடை அலமாரியில் தூங்குகிறது. மே மாதக் கடைசியில் ஒரு நாள் சமுதாயக் கூடத்தைத் திறந்து, துவைத்துத் தேய்த்த சீருடைகளை விலை ஒட்டி விற்பனைக்கு வையுங்கள். இலவசமாக மட்டும் கொடுக்காதீர்கள்.