பாலாவிச் சந்தியும் பத்திரிகைச் சமயமும்

பாலாவி என்றதும் சைவத் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது மன்னார் மாவட்டத்துத் திருக்கேதீச்சரத் தீர்த்தமே. புத்தளத்திற்குத் தெற்கே, சிலாபம் செல்லும் நெடுஞ்சாலையிற் கற்பிட்டி வீதி பிரியுமிடத்திலுள்ள பாலாவி வேறு. தீர்த்தத்திற்குரிய தேவாரப் புகழ் இதற்கில்லை. ஆயினும், சமயத்தை இக்காலச் செய்தித்துறை எவ்வாறு காட்டுகின்றது என்று ஆராய்வார்க்கு இதனினும் தக்க நிலைக்களம் ஈழத்தில் அரிது.

கற்பிட்டி வீதி தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்திற்கு வழியாகின்றது. தெற்கே உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலும், அதற்கப்பால் முன்னேஸ்வரமும் உள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் பாலாவியிலும் அதன் அயலிலுமே குடியேறினர். தலவிலத் திருவிழா வருமாயின் கூட்டத்தின் தொகையும் போக்குவரத்து ஒழுங்கும் அச்சேறுகின்றன. கத்தோலிக்கரல்லாதாரும் ஆங்கு நேர்த்தி வைத்து வருவது செய்தியாகக் கொள்ளப்படுவதில்லை. நாடோறும் நிகழ்வது செய்தியன்று என்பது அத்தொழிலின் இலக்கணம் போலும்!

பிழை இன்னும் ஆழமானது என்பதை முன்னேஸ்வரம் காட்டும். 2011 செப்டெம்பரில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா அங்குள்ள பத்திரகாளி கோயிலுக்கு ஆட்களுடன் சென்று, பலிக்கெனக் கொணரப்பட்ட ஆடுகளையும் கோழிகளையும் அகற்றினார். இந்துக் கோயிலொன்றிற் பலி தடுக்கப்பட்டது என்னும் பொருள்படவே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் செய்திகள் பல வந்தன. பௌத்தர் எதிர்க்க, இந்துக்கள் தம் வழக்கத்தைக் காத்தனர் என்னும் சித்திரம் படிப்போர் மனத்திற் பதிந்தது.

அச்சித்திரம் இருவகையாலும் பொய்த்தது. முன்னேஸ்வரம் என்பது ஒரு கோயிலன்று, கோயில்களின் தொகுதி. வடிவாம்பிகை சமேதராகச் சிவபெருமான் எழுந்தருளியுள்ள பெருங்கோயில் ஆகம வழிப்பட்டது, பலி அதற்குரியதன்று. பலி நிகழ்ந்தது அயலிலுள்ள காளி கோயிலில். அக்காளியை நாடிவருவோருள் சிங்கள பௌத்தர் மிகப் பலர். மானிடவியலாளர் றொகான் பாஸ்ரின் முன்னேஸ்வர வழிபாடு பற்றி 2002இல் வெளியிட்ட நூல் இப்பன்மையையே பொருளாகக் கொண்டது. மறுபுறம், பலியைக் கண்டித்த குரல் சைவர்க்குப் புதிதுமன்று. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே உயிர்ப்பலியை வன்மையாகக் கண்டித்தார். எனவே பலியிட்டோருள்ளும் பௌத்தர் இருந்தனர். பலியை மறுத்தோருள்ளும் இந்துக்கள் இருந்தனர். இவ்வுண்மையை எழுத நான்கு வரிகள் போதும். ஆனால் ‘இந்துக்கள்’, ‘பௌத்தர்’ என்னும் இரு பெயர்களுள் அது அடங்காது. தலைப்புக்கோ இரு பெயர்களுக்கு மேல் இடமில்லை.

பத்திரிகைக்கேனும் ஆசிரியர் ஒருவர் உளர். முகநூலுக்கு அவரும் இலர். 2019 ஏப்பிரில் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபின், மே 12ஆம் நாள் சிலாபத்துக் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மிகுதியாகச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் கருத்து. உரையாடலொன்றில் விடையாக எழுந்த அவ்வரி, முன்பின் அறுபட்டுப் படமாகப் பரவியபோது, அடுத்த தாக்குதலுக்கு முன்னறிவித்தலெனக் கொள்ளப்பட்டது. சிலாபத்திற் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் கலகம் அயல் மாவட்டங்களிலும் பரவியது. நாத்தாண்டிப் பகுதியைச் சேர்ந்த கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொலையுண்டார்.

அரசு சமூக வலைத்தளங்களைச் சில நாள் முடக்கிற்று. அவ்வரியோ எழுதியவர்க்கும் தாய்மொழியன்று. வெகுண்டெழுந்த கூட்டத்தார்க்கும் தாய்மொழியன்று. தமிழும் சிங்களமும் ஒருங்கே வழங்கும் அக்கரையில், அதன் பொருளை எழுதியவரிடமே கேட்டறிந்து, இரு மொழியிலும் அன்று மாலைக்குள் வெளியிடுதல் அரிய செயலன்று. அதனைச் செய்தற்குரியவர் செய்தியாளரே.