வாங்கப்பட்ட முகம்: கேளிக்கைப் பூங்காவில் விருந்தும் வேலையும்

டிஸ்னிலாந்தைத் தொடாத பின்நவீனத்துவச் சிந்தனையாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1973இல் லூயி மாரன் அதைச் சீரழிந்த பொன்னுலகம் என்றார். 1975இல் உம்பர்த்தோ எக்கோ, அங்கே போலியானது அசலைவிடச் சமர்த்தாக நடந்துகொள்கிறது என்று கண்டார். அசல் முதலை பாட்டுக்குத் தூங்கிக் கிடக்கும், செய்த முதலையோ நம் ஆசைக்கு ஏற்றபடி வந்து நிற்கும். 1981இல் ழான் போத்ரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். வெளியே இருக்கிற அமெரிக்கா நிஜமானது என்று நம்பவைக்கத்தான் டிஸ்னிலாந்து கற்பனையாகக் காட்டப்படுகிறது, உண்மையில் மொத்த அமெரிக்காவும் டிஸ்னிலாந்துதான் என்பது அவருடைய வாதம். நம்மூர்ச் சிறுபத்திரிகை வாசகர்களில் பலருக்கு அந்த இடம் அறிமுகமானதே இந்த வாதத்தின் வழியாகத்தான்.

வாதம் கெட்டிக்காரத்தனமானது, சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பிரதிகளில் அங்கே வேலை பார்க்கிறவர் எங்கே? எக்கோவின் கட்டுரையில் ஊழியர்கள் வந்துபோகிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துகிற, 'இங்கே நில்லுங்க, இப்ப ஏறுங்க' என்று சொல்லுகிற சீருடை உருவங்கள், அவ்வளவுதான். அவர்களுக்குச் சம்பளம் என்ன, கால் வலிக்குமா என்பதெல்லாம் கோட்பாட்டுக்குள் வராத கேள்விகள். போத்ரியாரிடம் குறிகள் உண்டு, நகல்கள் உண்டு, காலியான கார் நிறுத்துமிடம்கூட உண்டு; கூலி வாங்குகிற ஆள் கிடையாது. டிக்கெட் எடுத்து முன்வாசல் வழியாகப் போகிறவரின் கண்ணே இவர்களிடம் கோட்பாட்டின் கண்ணாகவும் ஆகியிருக்கிறது. உழைப்பை மறைப்பதுதான் அந்தப் பூங்காவின் முதல் வித்தை. அதைக் கட்டுடைக்கப் போனவர்கள் அந்த வித்தையில் மயங்கியே திரும்பினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த வித்தையைச் சொற்களிலிருந்து தொடங்கலாம். கலிபோர்னியாவின் அனாஹெய்ம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது டிஸ்னிலாந்து. அங்கே வேலைக்காரர் என்ற சொல் கிடையாது. எல்லோரும் நாடகக் குழு உறுப்பினர்கள். சீருடை கிடையாது, வேஷம். வேலையிடம் மேடை, சாப்பிடுகிற இடமும் கழிவறையும் மேடைக்குப் பின்புறம். வேலை கற்றுக்கொடுக்கிற பயிற்சிப் பிரிவுக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர். 1971இல் ஃப்ளோரிடாவில் திறந்த பூங்காவில் இந்த உருவகத்தைக் கட்டடமாகவே எழுப்பினார்கள். பார்வையாளர் நடக்கிற தெருக்களுக்குக் கீழே ஊழியர்களுக்கென்று தனிச் சுரங்கப் பாதைகள். கௌபாய் வேஷக்காரர் எதிர்கால உலகத்தின் குறுக்கே நடந்துபோனால் மாயை கெட்டுவிடுமே! மேலே கனவு, கீழே ஷிப்டு மாறுகிற கூட்டம். அடித்தளம், மேல்கட்டுமானம் என்று நாம் ஏட்டில் படித்ததைச் சிமெண்டில் ஊற்றிக் காட்டிவிட்டார்கள்.

இந்தச் சொற்களிலெல்லாம் அதிகத் தந்திரமான சொல் 'விருந்தினர்'. காசு கொடுத்து உள்ளே வருகிறவரை வாடிக்கையாளர் என்று அழைக்கக்கூடாது, விருந்தினர் என்றே அழைக்க வேண்டும். தமிழில் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை; தொல்காப்பியம் அதைச் செய்யுளின் வனப்புகளில் ஒன்றாக அந்தப் பொருளிலேயே சொல்கிறது. புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர், அதனால் கணக்குப் பார்க்காமல் சோறு போட வேண்டியவர் என்ற நீட்சியில்தான் விருந்தாளி வருகிறார். குறளும் விருந்தோம்பல் அதிகாரத்தில் சோற்றோடு சேர்த்து விருந்தளிப்பவரின் முகத்தையும் பேசுகிறது. அந்த முகம் மாறக்கூடிய முகம். மாறலாம் என்ற சுதந்திரம் இருப்பதால்தான் மாறாமலிருப்பது அறமாகிறது. பூங்காவில் முகம் மாறினால் சீட்டுக் கிழிந்துவிடும். அதை அறம் என்று சொல்ல முடியாது, வேலை நிபந்தனை என்றுதான் சொல்ல வேண்டும்.

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அடுத்தவன் சொத்தில் தாராளம் காட்டுவதைக் கிண்டல் செய்வது. பூங்காவில் அது தலைகீழ். நெய்யும் இலையும் பந்தலும் முதலாளியுடையவை. பரிமாறுகிறவளின் சிரிப்பு மட்டும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அந்தச் சிரிப்பையும் அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

வந்தவர் நிலைமையும் சிக்கலானதுதான். சேர்த்துவைத்த பணத்தைக் கொட்டிக் குடும்பத்தோடு வந்திருக்கிறார். வெயில், வரிசை, பிள்ளையின் அழுகை. கொடுத்த காசுக்குச் சந்தோஷப்பட்டே ஆகவேண்டும் என்ற நெருக்கடி அவருக்கும் உண்டு. வாங்குகிறவருக்குக் கேட்கிற உரிமை இருக்கும், விருந்தாளிக்கு மரியாதை இருக்கும். நிறுவனம் இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடுகிறது. எதிரில் நிற்கிற ஊழியருக்கோ வீட்டுக்காரரின் அதிகாரமும் இல்லை, 'வேணாம்னா போங்க சார்' என்று சொல்லக்கூடிய கடைக்காரரின் பேரமும் இல்லை. இருவருக்கும் நடுவில் நடப்பதை வெறும் நல்ல குணம், கெட்ட குணம் என்று வாசித்தால் அமைப்பு தப்பித்துவிடும்.

இந்த இடத்தில் கோட்பாட்டை விடச் சமூகவியல் நமக்கு உதவுகிறது. ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். ஆலைத் தொழிலாளி கையிலிருந்து அந்நியமாவதுபோல, சிரிப்பை விற்கிறவர் தன் உணர்ச்சியிலிருந்தே அந்நியமாகிறார் என்பது அதன் சாரம். ஜான் வான் மானன் டிஸ்னிலாந்தில் சவாரி இயக்குகிற வேலையைத் தானே செய்தவர். 1991இல் வெளியான கட்டுரையில் அந்த இடத்தைச் சிரிப்புத் தொழிற்சாலை என்று பெயரிட்டு, உள்ளே இருக்கிற படிநிலையை விவரித்தார். வேஷத்தைப் பார்த்தாலே ஆளின் அந்தஸ்து தெரியுமாம். தின்பண்டம் விற்கிறவர்கள் கடைசிப் படி. சாதி பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முக்கியமானது அவர் சொல்லுகிற எதிர்ப்பு முறைகள். அடாவடி செய்கிற விருந்தினரின் இருக்கைப் பட்டையைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிடுவது, ஜோடியாக வந்து முறைத்தவர்களைத் தனித்தனி வண்டியில் ஏற்றிவிடுவது. முகத்தில் அதே சிரிப்பு! கட்டளையிடப்பட்ட சிரிப்பே மறைவிடமாகிவிடுகிறது. புரட்சி என்று இதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் நகல், அசல் எதுவும் இல்லை என்று முடிவு கட்டியவர்கள் இந்த இறுக்கிய பட்டையை எங்கே வைப்பார்கள்?

உடல் விஷயத்தில் அந்த முடிவு இன்னும் மோசமாகத் தடுக்கி விழுகிறது. ஃப்ளோரிடாவில் மிக்கி போன்ற வேஷம் கட்டுகிறவர்கள் வேஷத்துக்குள் போடுகிற உள்ளாடையையும் நிறுவனமே கொடுத்தது. இரவு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சலவைக்குப் போய் மறுநாள் யாருக்கோ போகும். சரியாக வெளுக்காமல் பேனும் சொறியும் தொற்றின என்று தொழிலாளர்கள் புகார் செய்தார்கள். 2001இல்தான் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் மூலம் ஆளுக்குத் தனி உள்ளாடை, வீட்டில் துவைத்துக்கொள்கிற உரிமை கிடைத்தது. மிக்கி அசல் இல்லாத நகல் என்பது சரிதான். உள்ளே அரித்த தோல் எதனுடைய நகல்?

இனி சென்னைக்கு வரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைக் குறைந்தது இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குத் தெரியும். காவலாளி உடை, தலைப்பாகை, மீசை. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதே வேலை. அவரைச் சிரிக்கவைத்தால் பரிசு. பிள்ளைகள் பழிப்புக் காட்டுவார்கள், பெரியவர்கள் ஜோக் அடிப்பார்கள், இளவட்டங்கள் சீண்டுவார்கள். அனாஹெய்மில் சிரிக்காதது குற்றம், இங்கே சிரிப்பது தோல்வி. எதிரெதிராகத் தெரிந்தாலும் விதி ஒன்றுதான்: முகம் சம்பளம் கொடுப்பவருடையது. சீண்டுவதற்கு விருந்தினருக்கு அனுமதி உண்டு, பதில் சொல்ல ஊழியருக்கு அனுமதி இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது சின்னதல்ல. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னி ஒரு லிங்கன் பொம்மையை எழுந்து நின்று பேசவைத்தார். மனிதனைப்போல அசைகிற இயந்திரம். வி.ஜி.பி.யில் பொம்மையைப்போல அசையாத மனிதர். அங்கே உழைப்பு தெரிந்தால் கனவு கெடும். இங்கே காட்சியே உழைப்புதான். 'மூச்சு விடுறாரா பாரு', 'கண்ணு சிமிட்டுது பாரு' என்று கூட்டம் தேடுவது பொம்மைக்குள் இருக்கிற ஆளை. அசலுக்கும் நகலுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துவிட்டதாகப் பாரிஸில் எழுதிக்கொண்டிருக்க, அந்தக் கோட்டைத்தான் நம் ஜனங்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த வேடிக்கையில் கொடூரமும் வியப்பும் கலந்தே இருக்கிறது. வியப்பை மட்டும் எடுத்து நாட்டார் மரபு என்று கொண்டாட நான் தயாரில்லை. நிற்கிறவரின் முழங்காலும் அதில் சேர்த்திதான்.

உருவகத்தை உடைக்க அதைப் பொய் என்று நிரூபித்தால் போதும் என்று விமர்சகர்களாகிய நாம் நினைக்கிறோம். தொழிலாளிகள் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். ஃப்ளோரிடா வேஷக்காரர்களுக்காக ஒப்பந்தம் பேசியது டீம்ஸ்டர்ஸ், அதாவது குதிரை வண்டி ஓட்டுநர்களின் சங்கமாகப் பிறந்த அமைப்பு. 2024 மே மாதம் டிஸ்னிலாந்தின் வேஷக்காரர்களும் ஊர்வலக் கலைஞர்களும், சுமார் 1,700 பேர் கொண்ட பிரிவு, வாக்கெடுப்பு நடத்தி மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர முடிவெடுத்தார்கள். நீங்கள் எல்லோரும் நடிகர்கள் என்று நிறுவனம் எழுபது வருஷமாகச் சொல்லிவந்தது. சரி, நடிகர்கள்தான், அப்படியானால் நடிகருக்குரிய பாதுகாப்பையும் ஒப்பந்தத்தையும் கொடு என்று அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வாசிப்பு என்றால் இதுவும் வாசிப்புதான், அதுவும் பின்வாசல் வழியாக வந்த வாசிப்பு. டிஸ்னிலாந்தைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதுகிறவர் போத்ரியாரோடு அந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.