அனந்தபுரியின் அரங்குகள்: மேடை வகுத்த மரபு

திருவனந்தபுரத்தில் ஒரு கலையின் தரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது எந்த மேடையில் வளர்ந்தது என்ற கேள்வியும் கூடவே எழும். இங்கே ஒவ்வோர் அரங்கும் கலைஞரிடம் ஒன்றைக் கேட்டது. அதற்கு ஈடுகொடுத்தவர்களே பெயர் பெற்றார்கள்.

பழைய மேடை பத்மநாபசுவாமி கோயிலிலேயே இருக்கிறது. கிழக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்கு நாடகசாலை என்று பெயர். ஐப்பசி, பங்குனித் திருவிழா இரவுகளில் அங்கே கதகளி நடந்தது. 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தாமே கதகளிக்குரிய ஆட்டக்கதைகள் எழுதியவர். 'பாலராமபரதம்' என்ற நாட்டிய நூலும் அவருடையது. அரண்மனையின் கதகளிக் குழுவான களியோகத்தில் குரு செங்கன்னூர் ராமன் பிள்ளை போன்ற ஆசான்கள் கதகளியின் தென்மரபான தெற்கன் சம்பிரதாயத்தைக் காத்தார்கள். வடக்கின் கல்லுவழிச் சிட்டை உடலின் ஒழுங்கை முன்னிறுத்தியது. தெற்கனில் முகத்தின் ரசமும் மனோதர்மமும் முந்தி நின்றன.

இசைக்கு நவராத்திரி மண்டபம். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி, பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்து அங்கே கொலுவிருக்கிறாள். ஒன்பது மாலைகளுக்கும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, நிறைவு நாள் ஆரபி என ராகங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. தானத்துக்கும் மிருதங்கம் துணை வருவது இம்மண்டபத்தின் தனி வழக்கம். ஆண் பாடகர் மேல்துணியின்றி வேட்டியுடன் அமர்கிறார். கச்சேரியே பூஜை என்பதால் கைதட்டல் கிடையாது. கேட்டுப் பழகிய ராகத்தைக் கேட்டுப் பழகியவர்கள் முன்னால் புதிதாக விரித்துக் காட்ட வேண்டும். தேர்ந்த வித்துவான்களும் அஞ்சும் பரீட்சை அது.

அந்தத் தரத்தைக் கட்டியதில் தமிழகத்தின் பங்கு பெரிது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் அவையில் இடம்பெற்றார்; 1834இல் மன்னர் அவருக்குத் தந்த வயலின், யானைத் தந்தத்தால் ஆனது. 1939இல் தொடங்கிய இசைக் கழகம் பின்னாளில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்து வந்த செம்மங்குடி சீனிவாச ஐயர், சுவாதியின் கிருதிகளைச் செப்பனிட்டுக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அக்கல்லூரியில் பயின்ற பாறசாலை பொன்னம்மாள் 2006இல் நவராத்திரி மண்டபத்தில் பாடினார். அதுவரை அந்த மண்டபத்தில் பெண் எவரும் பாடியதில்லை. மரபின் இலக்கணம் சிதையவில்லை. அதற்குரியவர் வட்டம் அன்று விரிந்தது.

கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்கு வெளியே பொது மேடைகள் எழுந்தன. 1896இல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால், 2019 முதல் அய்யன்காளி அரங்கு என்று பெயர் கொண்டிருக்கிறது. வழுதக்காட்டுத் தாகூர் அரங்கில் நாடகமும் திரைப்பட விழாவும் நடக்கின்றன. கனகக்குன்றின் நிசாகந்தி, ஒரு நாட்டிய மேடை. 1977இல் தொடங்கிய 'சூர்யா' அமைப்பின் விழாக்கள் இம்மேடைகளுக்கு இளைஞர் கூட்டத்தைக் கூட்டிவந்தன.

இவற்றுக்கிடையே 'மார்கி' தனித்து நிற்கிறது. பொறியாளரான டி. அப்புக்குட்டன் நாயர் 1970இல் நிறுவிய இவ்வமைப்பு, கதகளியையும் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தையும் முறையாகப் பயிற்றுவிக்கிறது. கூடியாட்டத்தில் ஒரு புருவ அசைவே ஒரு முழுக் காட்சி. சில நூறு பேருக்கு மேல் கூடினால் அது பின்வரிசைக்கு எட்டாது. நகரில் இனி அரங்கு கட்டுவோர் இருக்கைகளைக் கணக்கிடும் முன், கடைசி வரிசைக்கு நடிகரின் கண் தெரிகிறதா, தம்பூராவின் சுருதி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.