தோல் சீவியது யார்?

சமையல் குறிப்பை நாம் யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. செய்வதற்காகப் புரட்டுகிறோம், அவ்வளவுதான். நிதானமாக வாசித்தால் அதன் இலக்கணம் ஒரு ஆளை மறைப்பது தெரியும். 'தேவையான பொருட்கள்' பட்டியலைப் பாருங்கள்: தோல் சீவிய கருணைக்கிழங்கு கால் கிலோ, பிதுக்கிய மொச்சை ஒரு கப், துருவிய தேங்காய் அரை மூடி. சீவிய, பிதுக்கிய, துருவிய எல்லாமே பெயரெச்சங்கள். வேலை முடிந்துவிட்டது, செய்தவள் மட்டும் வாக்கியத்தில் இல்லை. 'செய்முறை'க்கு வந்தால் 'வதக்கவும்', 'இறக்கவும்'. யாரிடம் சொல்கிறது என்று சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

நான் எடுத்துக்கொள்வது எங்கள் செவிலிமேட்டுப் பக்கம் தை மாதத்தில் கொதிக்கும் கதம்பக் குழம்பு. கருணை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மொச்சை, பூசணி, புளி. கூடவே கேழ்வரகுக் களி. பால், நெய், மோர் கிடையாது. இதைத்தான் இப்போது 'வீகன்' என்றும், 'ஒரே பாத்திரத்தில் எளிய சமையல்' என்றும் எழுதுகிறார்கள். அரை மணி நேரம் போதுமாம்.

அது அடுப்பின் கணக்கு. கையின் கணக்கு வேறு. மொச்சையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். அரை கிலோவுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். கருணையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சீவுகிற கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்துப் புளியில் கொதிக்கவிட்டால்தான் நாக்கு தப்பும். களிக்கு நொய்யைக் குழைய வேகவிட்டு, மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். நாலு பேருக்குக் கிண்டினாலே தோள் வலிக்கும்.

இந்தக் கணக்கு தறி வீடுகளுக்குப் புதிதல்ல. கோர்வைப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். தார் சுற்றவும் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் மனைவி அல்லது மகள். கூலி சேலைக்கு, அதுவும் நெய்தவர் பெயரில். மொச்சை பிதுக்கியவள் குழம்புக்குள் காணாமல் போவதைப் போலவே தார் சுற்றியவளும் சேலைக்குள் காணாமல் போகிறாள்.

சமையல் நூல்களே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 1951இல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதியபோது, பெண்களின் கைப்பழக்கம் அளவோடும் வரிசையோடும் அச்சேறியது. ஒரு பெண்ணின் பெயர் அட்டையில் நின்றது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் அவருக்குப் பின் பெருகிய குறிப்புகள் பொருளை அளந்த அளவுக்கு உழைப்பை அளக்கவில்லை.

2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நம் மேடைகளில் பாட்டியின் களியும் கூழும் புகழப்பட்டன. பாட்டியின் உரலும் உலக்கையும் அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு இருந்தன? கேழ்வரகுக்கு உமி நீக்கும் பாடு குறைவு. வரகுக்கும் சாமைக்கும் அப்படியல்ல, குத்திக் குத்திப் புடைக்க வேண்டும். இன்று அதை மில் செய்கிறது, சரி. உரித்த வெங்காயம் பாக்கெட்டில் வருகிறது, அதுவும் சரி. அதை உரித்தவளும் பெரும்பாலும் கிலோ கணக்கில் கூலி வாங்கும் இன்னொரு பெண்தான்.

2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது எங்கள் காஞ்சிபுரத்தில்தான். மாதம் 1,000 ரூபாய் அந்த உழைப்புக்கு விலையாகாது. ஆனாலும் 'உரிமை' என்ற சொல் அரசாணையில் ஏறிவிட்டது. சமையல் குறிப்பில் இன்னும் ஏறவில்லை.

ஏற்றுவது கடினமும் இல்லை. கதம்பக் குழம்புக்கு நான் குறிப்பு எழுதினால் பட்டியலில் 'பிதுக்கிய மொச்சை' இருக்காது, மொச்சை மட்டும் இருக்கும். அடுத்த வரி இப்படி: 'முந்தின இரவு ஊறப்போட ஒருவர். காலையில் பிதுக்க இருவர், அரை மணி நேரம். கருணை சீவ இன்னொருவர். களி கிண்ட, சாப்பிட உட்காரப்போகும் எல்லோரும், முறை வைத்து.'