ஏ1 பாலும் ஏ2 பாலும்: அச்சத்துக்கு ஆதாரம் உண்டா?

பால் வாங்குமிடத்தில் இப்போது புதியதொரு கேள்வி எழுகிறது: "இது ஏ1 பாலா, ஏ2 பாலா?" ஏ1 பால் நீரிழிவையும் மாரடைப்பையும் வரவழைக்கும் என்றும், ஏ2 பால் அவற்றிலிருந்து காக்கும் என்றும் சொல்லப்படுகிறது. 'ஏ2' என்று அச்சிட்ட பாலுக்குச் சாதாரணப் பாலைப்போல இரு மடங்கு விலை கேட்பதும் உண்டு. வருமானத்தை எண்ணிச் செலவிடும் ஒரு குடும்பம் இப்பேச்சைக் கேட்டு அஞ்சி, ஒரு லிட்டர் வாங்கிய இடத்தில் அரை லிட்டர் வாங்கத் தொடங்கினால், குறைவது வீட்டுக் குழந்தையின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தான். ஆகவே இக்கூற்றை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

இக்கருத்தை உலகெங்கும் பரப்பியதில் ஒரு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பண்ணை மேலாண்மைப் பேராசிரியராக இருந்த கீத் உட்ஃபர்ட் 2007-இல் எழுதிய 'டெவில் இன் த மில்க்' என்பதே அந்நூல். 'பாலில் இருக்கும் பிசாசு' என்பது அத்தலைப்பின் பொருள். பிசாசு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

ஒரு மணியின் மாற்றம்

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 32 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் வகையைச் சேர்ந்தது. கேசினில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பீட்டா-கேசின் என்ற புரதம் உள்ளது. 209 அமினோ அமிலங்கள் மணிமாலை போல் கோக்கப்பட்டு உருவானது இந்தப் பீட்டா-கேசின்.

இம்மாலையின் 67-ஆவது மணியில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. அவ்விடத்தில் புரோலின் இருந்தால் அது ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் அது ஏ1. ஏ2 தொன்மையான வடிவம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மாடுகளிடையே நேர்ந்த மரபணு மாற்றத்தால் ஏ1 தோன்றியது என்று கருதப்படுகிறது. இரு மரபணுக்களும் ஒருங்கே அமைந்த பசுவின் பாலில் இரண்டு வகைப் புரதமும் இருக்கும்.

நாம் பால் அருந்தியதும் குடலிலுள்ள நொதிகள் இம்மாலையைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. 67-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் அங்கே வெட்டுவது எளிது. அப்போது ஏழு மணிகள் கொண்ட ஒரு துண்டு பிரிகிறது. அதற்குப் பீட்டா-கேசோமார்ஃபின்-7 என்று பெயர். புரோலின் இருந்தால் வெட்டு எளிதில் விழாது. கேசினிலிருந்து பிரியும் இத்தகைய துண்டுகளுக்கு மார்ஃபினைப் போன்ற இயல்பு சிறிதளவு உண்டு என்பது 1979-இல் தெரியவந்தது.

இதுவரை சொன்னது வேதியியல். இதில் உட்ஃபர்டுடன் நமக்குப் பூசல் இல்லை; மரபியலை எளிய நடையில் விளக்கியிருப்பது நூலின் சிறப்பு என்றே சொல்லலாம். ஆனால், "ஒரு பொருள் குடலில் உண்டாகிறது" என்பதற்கும் "அப்பொருள் நோயை உண்டாக்குகிறது" என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. அத்தொலைவை நூல் எப்படிக் கடக்கிறது?

நாடுகளின் பட்டியல்

ஆக்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவ ஆய்வாளர் பாப் எலியட், சமோவாத் தீவிலுள்ள குழந்தைகளைவிட நியூசிலாந்தில் வளரும் சமோவாக் குழந்தைகளிடம் முதல்வகை நீரிழிவு மிகுந்திருப்பதைக் கண்டார்; பாலின்மீது அவருக்கு ஐயம் எழுந்தது. 2003-இல் லாகெசன் என்பவரும் எலியட்டும் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளின் ஏ1 புரத நுகர்வையும் அந்நாடுகளில் குழந்தைகளுக்கு முதல்வகை நீரிழிவு வரும் வீதத்தையும் ஒப்பிட்டனர். இரண்டுக்கும் இடையிலான தொடர்பெண் 0.92. முழுமையான தொடர்புக்கு எண் 1 என்பதை நினைவிற் கொண்டால், இது மிக நெருங்கிய தொடர்பு. இதய நோய்க்கும் தொடர்பு தென்பட்டது. உட்ஃபர்டின் வாதத்துக்கு இதுவே முதுகெலும்பு.

இங்கே நீங்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஐப்பசியில் குடை விற்பனை கூடுகிறது. தவளைச் சத்தமும் கூடுகிறது. இரண்டையும் வரைபடத்தில் இட்டால் கோடுகள் சேர்ந்தே ஏறும். அதனால் குடை தவளையைக் கத்த வைக்கிறது என்போமா? இரண்டுக்கும் காரணம் மழை. ஏ1 பாலை மிகுதியாக அருந்தும் நாடுகள் பலவும் செல்வமும் குளிரும் மிக்கவை. வெயில், உணவு, தொற்றுநோய்கள், மக்களின் மரபு என எத்தனையோ வகையில் அவை பிற நாடுகளினின்று வேறுபடுகின்றன. இவற்றுள் எது 'மழை' என்பதை அப்பட்டியல் சொல்லாது.

இன்னொரு குறையும் உண்டு. ஒப்பிடப்பட்டவை நாடுகளே, மனிதர்கள் அல்லர். நோயுற்ற குழந்தை எந்தப் பாலை, எவ்வளவு அருந்தியது என்பது இக்கணக்கில் இல்லை. இத்தகைய ஆய்வு ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பு வழங்க இயலாது.

சோதனை சொன்னது என்ன?

ஐயம் எழுந்தால் சோதிக்க வேண்டும், சோதித்தும் பார்த்தார்கள். நீரிழிவு தானாகவே தோன்றும் எலி, சுண்டெலி இனங்களுக்கு ஏ1, ஏ2 புரதங்களைத் தனித்தனியே ஊட்டி மூன்று நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. எந்தத் தீனி எது என்பது பரிசோதிப்பவருக்கே தெரியாதபடி அது நடத்தப்பட்டது. ஏ1 புரதமே கூடுதலாக நீரிழிவைத் தூண்டும் என்ற முந்திய முடிவு அதில் உறுதிப்படவில்லை. கோதுமை மிகுந்த தீனியே பாலைவிட அதிகமாக ஐயத்துக்குரியதாயிற்று. அவ்வாய்வில் பங்குகொண்டவர்களுள் எலியட்டும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதய நோய்க்கு வருவோம். அந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 15 பேருக்கு 12 வாரம் ஏ1 புரதமும் 12 வாரம் ஏ2 புரதமும் கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தனர். 2006-இல் வெளியான அம்முடிவின்படி, இரத்தக் கொழுப்பிலோ இரத்த அழுத்தத்திலோ இரத்தக் குழாய்களின் செயலிலோ வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆயினும் மனிதர்களை நேரே சோதித்த ஆய்வு. கிடைத்த சான்றுகள் அனைத்தையும் பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பீட்டா-கேசோமார்ஃபின்-7 இந்நோய்களுக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று 2009-இல் அறிவித்தது.

ஏ2 கட்சிக்கு ஓரளவு ஆதரவாக இருப்பது வயிற்று அசௌகரியம் பற்றிய ஆய்வுகளே. பால் ஒத்துக்கொள்வதில்லை என்று கூறிய 45 சீனர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஏ2 பால் அருந்தியபோது தொல்லை குறைவாக இருந்தது. அவ்வாய்வுக்குப் பணம் தந்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம். அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் பிறரும் செய்து பார்த்து ஒப்ப வேண்டிய முடிவு அது. மேலும், வயிற்று உப்புசம் வேறு, மாரடைப்பு வேறு.

பால்துறையின் பெருநிறுவனங்கள் தம் நலன் கருதி உண்மையை அமுக்குகின்றன என்பது உட்ஃபர்டின் குற்றச்சாட்டு. அவர்களுக்கு நலன் உண்டு என்பதை மறுக்க வேண்டாம். ஆனால், ஏ1 புரதத்தை இதய நோயுடன் இணைத்து 2001-இல் கட்டுரை எழுதிய கோரன் மக்லாக்லன், அதற்கு முந்திய ஆண்டில் ஏ2 பால் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தராசின் இரு தட்டிலும் பணம் இருக்கும்போது, பணத்தை விலக்கிச் சோதனையை மட்டுமே எடைபோட வேண்டும். நூல் அதைச் செய்யவில்லை.

நம் நாட்டில் நடப்பது

இங்குள்ள விளம்பரங்களோ அந்நூலையும் தாண்டிச் செல்கின்றன. நூல் பேசுவது முதல்வகை நீரிழிவை. அது பெரும்பாலும் இளமையில் தாக்குவது, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைச் சிதைப்பதால் வருவது. நம்மிடையே பெருவாரியாகக் காணப்படுவது இரண்டாம் வகை. 'சர்க்கரை நோய்' என்று பொதுவாகச் சொல்லி இரண்டையும் ஒன்றாக்குவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

அடுத்து, ஏ2 அரிய பொருளா? கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தாரின் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. நம் நாட்டு மாட்டினங்கள் பதினைந்தில் ஏ2 மரபணு ஏறத்தாழ நூற்றுக்கு 99 பங்கும், எருமையினங்கள் எட்டில் நூற்றுக்கு நூறும் இருந்தன. நம் நாட்டுப் பாலில் ஏறக்குறையப் பாதி எருமைப் பால். அதாவது, வீதியில் எருமைப் பால் கறந்து ஊற்றுகிறவர் நெடுங்காலமாக ஏ2 பாலையே எவ்விதப் பட்டமும் இன்றி விற்று வருகிறார்! ஏ2 பால் நீரிழிவைத் தடுக்கும் மருந்தானால், அது இந்நேரம் இங்கே தெரிந்திருக்க வேண்டாமா?

'ஏ2 நெய்' என்பது இன்னும் வேடிக்கை. ஏ1, ஏ2 என்பவை புரதத்தின் வேறுபாடுகள். நெய்யோ ஏறத்தாழ முழுவதும் கொழுப்பு. புரதமே இல்லாத இடத்தில் புரதத்தின் வகைக்கு விலை வைப்பது, மாலையே இல்லாமல் அதன் 67-ஆவது மணியை விற்பது போன்றது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று, இத்தகைய ஏ1, ஏ2 குறிப்புகளை நீக்கும்படி ஆணையிட்டது. ஐந்தே நாட்களில், மேலும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கூறி அதைத் திரும்பப் பெற்றது. வணிகத் தரப்புடன் ஆலோசிப்பது தவறன்று. ஆனால் நெய்யில் புரதம் உண்டா என்பது ஆலோசித்து முடிவு செய்யவேண்டிய விஷயமன்று.

நாட்டு மாட்டினங்களைப் பேண வேண்டும் என்பதில் ஐயமில்லை. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் அவற்றின் ஆற்றல் அதற்குப் போதுமான காரணம். பொய்யான அச்சத்தை அதற்கு ஊன்றுகோலாக்கத் தேவையில்லை.

வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சிலருக்குச் சீரணமாவதில்லை. அது ஏ1 பாலிலும் ஏ2 பாலிலும் ஒரே அளவில் உண்டு. அத்தகையோர் பாலுக்குப் பதில் தயிரை முயன்று பார்க்கலாம். பால் புரதம் ஒவ்வாதவர்களுக்கு ஏ2 பாலும் பாதுகாப்பானதன்று. முதல்வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு வேண்டியது இன்சுலின். பாலை மாற்றி நோயைத் தீர்க்கலாம் என்று நம்பி ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அக்குழந்தையின் பெற்றோர், தாங்கள் வாங்கிய பாலால்தான் நோய் வந்தது என்று மனம் நோகவும் காரணமில்லை.

இனி எந்த உணவைப் பற்றி இத்தகைய செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒப்பிடப்பட்டவர்கள் மனிதர்களா, நாடுகளா? நேரே சோதித்துப் பார்த்தார்களா? அம்முடிவைத் தொடர்பில்லாத பிறரும் கண்டார்களா? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, சுத்தமான பால் எது கட்டுப்படியாகிறதோ அதை வாங்கி, நன்றாகக் காய்ச்சி, குழந்தைகளுக்குக் குறைவின்றிக் கொடுங்கள்.