கிளிநொச்சிக் களஞ்சியத்தில் விளைந்த தியானம்

ஈழத்துச் சித்தர் மரபில் வந்த யோகர் சுவாமிகள் (1872–1964) இளமையில் நம் துணுக்காய்க்கு அயலிலுள்ள கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்துக் களஞ்சியக் காப்பாளராக இருந்தார். பகலில் தளபாடக் கணக்கு, இரவில் காட்டுத் தனிமையில் தியானம். வன்னி மண்ணில் தியானத்தைப் பற்றி எழுதுபவர் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

தமிழில் மனத்தை அடக்கும் வழிகள் பல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் படிப்படியாகச் சொல்கிறது; அதில் ஒரு படியில் மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடவேண்டும். குரு அருகில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. திருவண்ணாமலை ரமணர் (1879–1950), எழும் எண்ணம் யாருக்கு எழுகிறது என்று உள்நோக்கித் தேடச் சொன்னார்.

நம்முடைய மரபு கடையிற் சுவாமிகள், செல்லப்பா சுவாமிகள், யோகர் சுவாமிகள் என்று வருவது. இதில் வகுப்புமில்லை, பாடத்திட்டமுமில்லை. நல்லூர்த் தேரடியில் பித்தரைப்போல் இருந்த செல்லப்பர், தேடி வந்தவர்களை ஏசித் துரத்தினார். அந்த ஏச்சையும் தாங்கி நின்றவர் யோகர். பிறகு வேலையைத் துறந்து கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியில் அமர்ந்தார். நற்சிந்தனைப் பாடல்கள் அந்த மௌனத்தின் விளைச்சல். அவர் பாடப் பாட அடியார்கள் எழுதிக்கொண்டார்கள். வயலில் நிற்பவருக்கும் விளங்கும் தமிழ் அது. 1935இல் அவருடைய 'சிவதொண்டன்' இதழும் தொடங்கியது.

ஒருவர் எவ்வளவு நேரம் கண்மூடி இருந்தார் என்பதை வைத்துத் தியானத்தை மதிக்க நான் உடன்படமாட்டேன். எழுந்த பிறகு வீட்டாரோடு எப்படிப் பேசுகிறார், எடுத்த வேலையை எப்படிச் செய்கிறார் என்று பார்க்கவேண்டும். தொண்டாக வெளிப்படாத தியானத்தை இந்த மரபு பெரிதாக எண்ணியதில்லை.

2008இல் போரினால் ஊரைவிட்டு ஓடி, உறவுகளை இழந்து திரும்பியவர்கள் நாங்கள். கண்ணை மூடினால் பலருக்கு அந்த நாட்களே முன்னே வருகின்றன. அவர்களைக் கண்மூடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கோயில் விளக்கைப் பார்த்தபடி தேவாரம் கேட்டிருந்தாலே மனம் மெல்ல அடங்கும்.

துணுக்காய் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு வகுப்பில் தேவாரம் முடிந்ததும் பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிடுங்கள். அதன்பின் கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, விரும்பியதை எழுதவோ கீறவோ விடுங்கள். அதற்குப் புள்ளி போடாதீர்கள்.